கிளாஸ் ஃபீல்டை யார் படிக்கலாம், யார் மாற்றலாம்: ஒரு ஏலச்சீட்டை எழுதிப் பார்ப்போம்

ஜாவா படித்துவிட்டு வருகிற பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ஒரே பழக்கம். கிளாஸ் எழுதுவார்கள், எல்லா ஃபீல்டுக்கும் முன்னால் பிரைவேட் போடுவார்கள், உடனே எடிட்டர் மெனுவைத் திறந்து அத்தனைக்கும் கெட்டர் (மதிப்பைப் படித்துத் தருகிற மெத்தட்), செட்டர் (மதிப்பை மாற்றுகிற மெத்தட்) இரண்டையும் ஒரே தட்டில் உருவாக்கிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் என்கேப்சுலேஷன், அதாவது உள்ளே இருக்கிற தகவலை வெளியார் கை படாமல் காப்பது, என்பார்கள். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போகிற வேலை இது. வருகிற மதிப்பை எந்தச் சோதனையும் இல்லாமல் அப்படியே உள்ளே வைக்கிற செட்டர் என்றால், பேசாமல் பப்ளிக் என்று எழுதியிருக்கலாம், நாற்பது வரி மிச்சமாகியிருக்கும்.

பாடப்புத்தகத்தில் வருகிற பேங்க் அக்கவுண்டை விட்டுவிடுவோம். நம்ம கடற்கரையில் நடக்கிற கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மண்டபத்திலோ தொண்டியிலோ படகு கரைக்கு வருகிறது, மீனைத் தரம் பிரித்து எடை போடுகிறார்கள், ஏலம் நடக்கிறது, சீட்டு எழுதுகிறார்கள். அந்தச் சீட்டை வைத்துத்தான் படகுக்காரருக்குப் பணம், முன்பணம் வாங்கியிருந்தால் அதில் கழிவு, வேலை பார்த்தவர்களுக்குப் பங்கு. மீன் வாங்குகிற ஒரு கடைக்கு இதற்கு ஒரு ஆப் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள்.

எடிட்டரைத் திறக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு ஃபீல்டுக்கும் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: யார் படிக்கணும், யார் மாற்றணும், எதுவரைக்கும் மாற்றலாம். மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

படகின் பதிவெண் இருக்கிறது. நம்ம மாவட்டத்து விசைப்படகில் ஐஎன்டி, டிஎன், 10, எம்எம் என்று தொடங்கிப் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும். இதை எல்லோரும் படிக்கலாம், ஆப்ஜெக்ட் உருவாகிற நேரத்தில் ஒரு தடவை எழுதினால் போதும், அதற்கப்புறம் யாருக்கும் மாற்றுகிற வேலை இல்லை. உரிமையாளர் பெயர் அப்படியில்லை, படகு கைமாறும். ஆனால் பெயர் மாறும்போது தேதி, பழைய முன்பணம் யார் தலையில் என்பதெல்லாம் சேர்ந்தே மாறணும், பெயர் மட்டும் தனியாக மாறினால் கணக்கு தகராறில் முடியும். எடையை ஏலம் முடிகிறவரைக்கும் திருத்தலாம், அதற்கப்புறம் கூடாது. முன்பணப் பாக்கியை நேரடியாக யாருமே எழுதக் கூடாது. கொடுத்தால் ஏறும், கழித்தால் இறங்கும், அவ்வளவுதான். மொத்தத் தொகை? அது ஃபீல்டே இல்லை. எடையும் விலையும் இருந்தால் கேட்கிற நேரத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். தனியாகச் சேமித்து வைத்தால் எடை ஒன்று சொல்லும், தொகை வேறொன்று சொல்லும்.

பார்த்தீர்களா, ஐந்து தகவலுக்கு ஐந்து விதமான பதில் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கெட்டர், செட்டர் போட்டது எவ்வளவு சோம்பேறித்தனம் என்று இப்போது தெரியும்.

சரி, எழுதலாம்

பைத்தானில் எழுதிக் காட்டுகிறேன். கிளாஸ், டெஃப், செல்ஃப், ரிட்டர்ன், நன் (None) மாதிரிச் சொற்களை நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். மீதிப் பெயர்கள், அதாவது கிராம், விலை எல்லாம், பைத்தான் 3-இல் தமிழிலேயே ஓடும், சந்தேகம் இருந்தால் ஓட்டிப் பாருங்கள்.

கிளாஸ் ஏலச்சீட்டு:

    டெஃப் __இனிட்__(செல்ஃப், பதிவெண், மீன், கிராம்):
        செல்ஃப்._பதிவெண் = பதிவெண்
        செல்ஃப்._மீன் = மீன்
        செல்ஃப்._விலை = நன்
        செல்ஃப்._முடிந்தது = ஃபால்ஸ்
        செல்ஃப்.எடையைத்_திருத்து(கிராம்)

    @பிராப்பர்ட்டி
    டெஃப் பதிவெண்(செல்ஃப்):
        ரிட்டர்ன் செல்ஃப்._பதிவெண்

    @பிராப்பர்ட்டி
    டெஃப் கிராம்(செல்ஃப்):
        ரிட்டர்ன் செல்ஃப்._கிராம்

    டெஃப் எடையைத்_திருத்து(செல்ஃப், புதிய_கிராம்):
        இஃப் செல்ஃப்._முடிந்தது:
            ரெய்ஸ் ரன்டைம்எரர்("ஏலம் முடிந்த சீட்டு")
        இஃப் புதிய_கிராம் <= 0:
            ரெய்ஸ் வேல்யூஎரர்("எடை பூஜ்யத்துக்கு மேல் வேண்டும்")
        செல்ஃப்._கிராம் = புதிய_கிராம்

    டெஃப் ஏலத்தை_முடி(செல்ஃப், கிலோ_விலை):
        இஃப் செல்ஃப்._முடிந்தது:
            ரெய்ஸ் ரன்டைம்எரர்("ஏற்கெனவே முடிந்தது")
        செல்ஃப்._விலை = கிலோ_விலை
        செல்ஃப்._முடிந்தது = ட்ரூ

    @பிராப்பர்ட்டி
    டெஃப் தொகை(செல்ஃப்):
        இஃப் நாட் செல்ஃப்._முடிந்தது:
            ரெய்ஸ் ரன்டைம்எரர்("ஏலம் இன்னும் முடியவில்லை")
        ரிட்டர்ன் செல்ஃப்._கிராம் * செல்ஃப்._விலை // 1000

எடை கிராமில், விலை ஒரு கிலோவுக்கு இத்தனை பைசா என்று முழு எண்ணில். 38 கிலோ 400 கிராம் நண்டு, கிலோ 420 ரூபாய் என்றால் 38400-ஐ 42000-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 1612800 பைசா, அதாவது 16,128 ரூபாய். பணத்தைத் தசம ஃப்ளோட்டில் வைத்தால் பின்னால் எங்கேயோ ஒரு பைசா உதைக்கும், அது வேறு கதை.

@பிராப்பர்ட்டி என்று மேலே போட்ட மெத்தடை அடைப்புக்குறி இல்லாமல் ஃபீல்டு மாதிரியே படிக்கலாம். கோட்டில் கவனிக்க வேண்டியது, கிராமுக்குச் செட்டரே இல்லை. வெளியிலிருந்து யாராவது சீட்டு.கிராம் = 5000 என்று எழுதினால் பைத்தான் ஆட்ரிப்யூட்எரர் கொடுத்துவிடும். எடையை மாற்றணும் என்றால் எடையைத்_திருத்து என்ற ஒரே வழிதான், அங்கே இரண்டு சோதனை நிற்கிறது. கன்ஸ்ட்ரக்டர்கூட, அதாவது ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடுகிற __இனிட்__கூட, அதே வழியாகத்தான் போகிறது. அதனால்தான் _முடிந்தது என்ற வரி அதற்கு மேலே இருக்கிறது. கீழே தள்ளிப் போட்டால், இன்னும் பிறக்காத ஃபீல்டைத் திருத்து மெத்தட் தேடிவிட்டு அங்கேயே விழுந்துவிடும்.

கன்ஸ்ட்ரக்டரில் மட்டும் நேரடியாகச் செல்ஃப்._கிராம் = கிராம் என்று எழுதிவிட்டுச் சோதனையைத் திருத்துகிற இடத்தில் மட்டும் வைக்கிறவர்கள் உண்டு. அப்போது மைனஸ் எடையோடு சீட்டு பிறக்கும், பிறந்த பிறகு மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும். என்ன லாபம்?

இன்னொரு பொறி. பிராப்பர்ட்டிக்குள் அடிக்கோட்டை மறந்து ரிட்டர்ன் செல்ஃப்.கிராம் என்று எழுதினால் அது தன்னையே கூப்பிட்டுக்கொண்டே போகும், ரிகர்ஷன்எரர் வரும். பிழைச்செய்தி நீளமாக ஓடுகிறதே என்று பயப்பட வேண்டாம், ஒரு அடிக்கோடு போட்டால் சரியாகிவிடும். சி ஷார்ப்பிலும் இதே தவறு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வரை கொண்டுபோய் விடும்.

செட்டருக்குப் பதிலாக ஏன் எடையைத்_திருத்து, ஏலத்தை_முடி என்று செயல் பெயர்கள்? செட்விலை, செட்முடிந்தது என்று இரண்டு செட்டர் இருந்தால், கூப்பிடுகிறவர் ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறக்கலாம். விலை இல்லாமலே முடிந்த சீட்டு, முடியாமலே விலை உள்ள சீட்டு என்று இரண்டு அரைகுறைகள் உலாவும். ஏலத்தை_முடி என்று ஒரே செயலாக வைத்தால் இரண்டும் சேர்ந்தே மாறும். கடையில் நடக்கிற காரியத்துக்கு என்ன பெயரோ அதையே மெத்தடுக்கு வையுங்கள், தேவையான சோதனை எது என்று தானாகத் தெரியவரும்.

கீழக்கரையில் மீன் வாங்குகிற ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, ஏலம் முஞ்ச பொறவு பெட்டியில ஐஸ் தண்ணி கூட நின்னு எடை கூடிருச்சுன்னு தெரிஞ்சா என்ன செய்ய? மாத்த முடியலேங்குதே."

"எடையத் தொடாதீங்க காக்கா, கழிவுன்னு தனியா ஒரு வரி போடுங்க. நாளைக்கு படகுக்காரர் வந்து கேட்டா ரெண்டும் காட்டலாம்ல."

அவருக்கு அது பிடித்துப்போனது, ஏனென்றால் தாள் நோட்டில் அவர் எப்போதும் அப்படித்தான் எழுதுவார். கிளாஸில் கழிவைச்_சேர் என்று ஒரு மெத்தட், தொகையில் அதைக் கழிக்கிற ஒரு வரி, வேலை முடிந்தது. "ஏலம் முடிந்த பிறகும் முதலாளி மட்டும் மாற்றலாம்" என்று ஒரு ரகசிய செட்டர் வைத்திருந்தால் கணக்கின் மேல் இருந்த நம்பிக்கையே போயிருக்கும்.

எழுதுகிற வழி ஒன்றே ஒன்றாக இருப்பதில் இன்னொரு சௌகரியம் உண்டு, விதி மாறும்போது தெரியும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் முன்பு 45 நாள், 2017-இல் இருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகின் கடல் பயணத் தேதியைப் பதிகிற ஆப்பில், தேதி ஃபீல்டைப் பத்து ஸ்க்ரீனிலிருந்து நேராக எழுதியிருந்தால் பத்து இடத்தையும் தேடித் திருத்தணும், ஒரு இடம் விட்டுப்போகும், அந்த ஒரு இடத்தில்தான் பிரச்சினை வரும். பயணத்தைப்_பதி என்ற ஒரே மெத்தட் வழியாகப் போயிருந்தால் ஒரு இடம். நாட்டுப்படகுக்கு இந்தத் தடை இல்லை என்பதையும் அங்கேயே ஒரு இஃப் போட்டுச் சொல்லிவிடலாம்.

படிக்கக் கொடுத்தது எழுதக் கொடுத்ததாகிவிடும் இடம்

நிறைய அனுபவம் உள்ளவர்களும் வழுக்குகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். படகு என்று ஒரு கிளாஸ், அதற்குள் _சீட்டுகள் என்று ஒரு லிஸ்ட். படிக்க மட்டும்தான் என்று நினைத்து ஒரு பிராப்பர்ட்டி வைக்கிறீர்கள், அது செல்ஃப்._சீட்டுகள் என்பதை அப்படியே ரிட்டர்ன் செய்கிறது. செட்டர் இல்லை, பாதுகாப்பாக இருக்கிறது என்று தோன்றும்.

ரிப்போர்ட் எழுதுகிறவர் வருகிறார். அவருக்குக் கணக்கை மாற்றுகிற எண்ணமே கிடையாது, அதிக எடை முதலில் வரணும், அவ்வளவுதான். படகு.சீட்டுகள்.சார்ட் என்று ஒரு வரி எழுதுகிறார். பைத்தானில் லிஸ்டின் சார்ட் மெத்தட் புது லிஸ்ட் தருவதில்லை, இருக்கிற லிஸ்டையே புரட்டிப் போடுகிறது. ரிப்போர்ட்டைத் திறந்த மறுநிமிடம் படகுக்குள் இருக்கிற சீட்டு வரிசை மாறிவிட்டது. இறக்கின வரிசைப்படி சீட்டு எண் அச்சிடுகிற பக்கத்தில் நெத்திலியின் எண் கணவாய்க்கும் கணவாயின் எண் இறாலுக்கும் போகும். ரிப்போர்ட் திறக்காத நாளில் எல்லாம் சரியாக இருக்கும், திறந்த நாளில் மட்டும் குழப்பம். இப்படிப்பட்ட பிழையைத் தேடுகிறவர் சீட்டு எழுதுகிற கோட்டைத்தான் மாய்ந்து மாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். குற்றவாளி படிக்க மட்டும் வந்தவர்.

தீர்வு சுலபம். ரிட்டர்ன் செய்யும்போது டப்பிளாக, அதாவது மாற்ற முடியாத வரிசையாக, மாற்றிக் கொடுங்கள், டப்பிளில் சார்ட், அப்பெண்ட், கிளியர் எதுவும் கிடையாது. ரிப்போர்ட் எழுதுகிறவர் சார்ட்டெட் என்ற ஃபங்ஷனைப் போட்டுத் தனக்கு ஒரு புது லிஸ்ட் எடுத்துக்கொள்ளட்டும்.

உள்ளே வருகிற பக்கமும் இதே ஓட்டை இருக்கிறது. கன்ஸ்ட்ரக்டரில் யாரோ கொடுத்த லிஸ்டை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டால், கொடுத்தவர் கையிலும் அதே லிஸ்ட் இருக்கும், அவர் வெளியில் ஒன்றைச் சேர்த்தால் உங்கள் ஆப்ஜெக்டுக்குள்ளும் சேரும். வாங்கும்போதே லிஸ்ட்(வந்தது) என்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜாவாக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு மயக்கம் உண்டு, ஃபைனல். ஃபைனல் லிஸ்ட் என்றால் அந்த ஃபீல்டு வேறு லிஸ்டைக் காட்டாது என்றுதான் அர்த்தம், லிஸ்டுக்குள் சேர்ப்பதையும் நீக்குவதையும் அது தடுக்காது. கலெக்ஷன்ஸ் கிளாஸில் உள்ள அன்மாடிஃபையபிள்லிஸ்ட் கொடுத்தால், வாங்குகிறவர் மாற்ற முடியாது, ஆனால் அடியில் இருக்கிற அசல் மாறினால் அவர் பார்ப்பதும் மாறும். அந்த நேரத்து நிலை அப்படியே நிற்கணும் என்றால் ஜாவா 10-இல் வந்த லிஸ்ட்.காப்பிஆஃப். இரண்டுமே மேல்மட்டத்தை மட்டும்தான் காக்கும். உள்ளே இருக்கிற சீட்டு ஆப்ஜெக்டுகள் அதேதான், அவற்றுக்குச் செட்டர் இருந்தால் நகல் எடுத்தும் பயனில்லை. அதனால் கீழிருந்து மேலே வாருங்கள், முதலில் சீட்டை இறுக்குங்கள், அப்புறம் லிஸ்ட்.

மற்ற மொழிகளில்

சி ஷார்ப்பில் கெட், பிரைவேட் செட் என்று ஒரே வரியில் முடிந்துவிடும், 2020-இல் வந்த சி ஷார்ப் 9-இலிருந்து பிறக்கும்போது மட்டும் எழுத இனிட் என்றும் ஒன்று உண்டு. காட்லினில் வேல் என்றால் ஒருமுறைதான், வேர் என்றால் மாற்றலாம், வேருக்குக் கீழே பிரைவேட் செட் எழுதலாம். பிஹெச்பி 8.1-இல் ரீட்ஒன்லி வந்தது, 8.4-இல் படிக்க ஒரு அனுமதி, எழுத ஒரு அனுமதி என்று தனித்தனியாகவே எழுத முடிகிறது. ஜாவாஸ்கிரிப்டில் ஃபீல்டு பெயருக்கு முன்னால் # போட்டால் நிஜமாகவே வெளியிலிருந்து தொட முடியாது. ரூபியில் ஆட்ர்_ரீடர் மட்டும் எழுதி ஆட்ர்_ரைட்டரை விட்டுவிட்டால் போதும்.

எதுவுமே எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் மொழிக்கு மொழி தெரிந்துகொள்ளுங்கள். சி பிளஸ் பிளஸ் கிளாஸிலும் சி ஷார்ப் கிளாஸிலும் அது பிரைவேட். சி பிளஸ் பிளஸ் ஸ்ட்ரக்டில் பப்ளிக். காட்லினிலும் பப்ளிக். ஜாவாவில் அந்தப் பேக்கேஜுக்குள் இருக்கிற எல்லோருக்கும் திறந்திருக்கும், இது பலருக்குத் தெரியாமலே இருக்கிறது.

பைத்தானின் ஒற்றை அடிக்கோடு ஒரு மரியாதைக் கோடுதான், தாண்ட நினைக்கிறவரைத் தடுக்காது. இரட்டை அடிக்கோடு போட்டால் பெயரோடு கிளாஸ் பெயரைச் சேர்த்து மாற்றிவிடும், அது வாரிசு கிளாஸில் அதே பெயர் மோதாமல் இருப்பதற்காக வந்தது, பூட்டு இல்லை. என் யோசனை, ஒற்றைக் கோடு போதும். அதைவிட உருப்படியான காவல் __ஸ்லாட்ஸ்__. சீட்டு.கிரம் என்று யாராவது எழுத்துப் பிழையோடு ஒரு மதிப்பைப் போட்டால் சாதாரணப் பைத்தான் கிளாஸ் சத்தமில்லாமல் புது ஃபீல்டு ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்; ஸ்லாட்ஸில் பெயர்களைப் பட்டியலிட்டுவிட்டால் உடனே ஆட்ரிப்யூட்எரர்.

புரொடெக்டட், அதாவது வாரிசு கிளாஸும் தொடலாம் என்ற அனுமதி, பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஃபீல்டை புரொடெக்டட் ஆக்கினால், நாளைக்கு யாரோ எழுதப்போகிற ஒவ்வொரு வாரிசு கிளாஸுக்கும் சோதனை இல்லாத எழுத்துரிமை கொடுத்ததாக ஆகிவிடும். ஃபீல்டு பிரைவேட்டாகவே இருக்கட்டும், வாரிசுக்குத் தேவை என்றால் ஒரு மெத்தடை புரொடெக்டட் ஆக்குங்கள்.

பிரைவேட் என்பது ஆப்ஜெக்டுக்கு இல்லை, கிளாஸுக்கு. ஜாவாவில் ஒரு ஏலச்சீட்டு இன்னொரு ஏலச்சீட்டின் பிரைவேட் ஃபீல்டைத் தாராளமாகப் படிக்கலாம், எழுதலாம். ஈக்வல்ஸ் எழுதும்போது இது உதவும்.

அடுத்தது அடிக்கடி காதில் விழுகிற ஒரு குழப்பம். "கணக்குப்பிள்ளை மட்டும் விலையை மாற்றணும், டிரைவர் பார்க்க மட்டும் செய்யணும், அதற்கு பிரைவேட் போட்டேன்" என்பார்கள். பிரைவேட் பேசுவது கோட்டின் ஒரு பகுதி இன்னொரு பகுதியிடம் எப்படி நடந்துகொள்ளணும் என்பதைப் பற்றி, ஆப்பைத் திறக்கிற ஆளைப் பற்றி இல்லை. ஆளுக்கான அனுமதியை லாகின் செய்தவர் யார், அவருக்கு என்ன பொறுப்பு என்று பார்த்து ஏலத்தை_முடி கூப்பிடுவதற்கு முன்னால் சோதிக்கணும். டேட்டாபேஸ் ஃபைலை நேராகத் திறந்து எண்ணை மாற்றுகிறவரை எந்த பிரைவேட்டும் ஒன்றும் செய்யாது. ஜாவாவில் ரிஃப்ளெக்ஷன் (ஓடுகிற நேரத்தில் கிளாஸின் உள்ளே துருவிப் பார்க்கிற வசதி) வழியாக பிரைவேட்டையும் எட்டிப் பிடிக்க முடியும்.

இவ்வளவும் எல்லா கிளாஸுக்கும் வேண்டுமா என்றால், வேண்டாம். ஒரு ஸ்க்ரீனிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் சுமக்கிற சின்ன ஆப்ஜெக்டுக்கு ஜாவா 16-இல் வந்த ரெக்கார்ட் போதும், பைத்தானில் ஃப்ரோசன் என்று போட்ட டேட்டாகிளாஸ் போதும். டேட்டாகிளாஸில் ஒன்றை மாற்றணும் என்றால் ரீப்ளேஸ் வைத்து மாற்றத்தோடு புது ஆப்ஜெக்ட் எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் லிஸ்ட் வைத்தால் மட்டும் முன்னால் சொன்ன அதே ஓட்டை, ஃப்ரோசன் லிஸ்டை உறைய வைக்காது.

ஏற்கெனவே எழுதிவைத்த பழைய கோட்டில்

புதிதாக எழுதும்போது இதெல்லாம் சுலபம். கையில் இருப்பது மூன்று பேர் எழுதிப் போன பழைய ஆப் என்றால், ஒரே நாளில் எல்லாவற்றையும் பூட்டக் கிளம்பாதீர்கள். பணத்தைத் தொடுகிற ஒரு கிளாஸை எடுங்கள். ஜாவா, சி ஷார்ப் என்றால் ஒரு செட்டரை அழித்துவிட்டு கம்பைல் செய்யுங்கள், யார் யார் அதை எழுதுகிறார்கள் என்று கம்பைலரே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். யாருமே இல்லையென்றால் அழித்தது அழித்ததாகவே இருக்கட்டும், பாதிச் செட்டர்களை யாருமே கூப்பிடவில்லை என்று பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் அவர் உண்மையில் செய்ய நினைத்த காரியம் என்ன என்று பாருங்கள், அதற்கு ஒரு செயல் மெத்தட். ஆப்ஜெக்டை டேட்டாபேஸில் சேமித்து எடுக்கிற ஹைபர்னேட் மாதிரி ஃபிரேம்வொர்க் செட்டர் கேட்கிறது என்பார்கள். ஐடி அனோட்டேஷனை ஃபீல்டின் மேலேயே வைத்தால் அது ஃபீல்டை நேராகப் படித்துக்கொள்ளும், அளவுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் ஒன்றைப் புரொடெக்டட் ஆக வைத்தால் போதும்.

பைத்தானில் கம்பைலர் காட்டிக்கொடுக்காது, ஆனால் வேறு வசதி இருக்கிறது. வெறும் ஃபீல்டாக இருந்த கிராம் நாளைக்கு பிராப்பர்ட்டி ஆனாலும் படிக்கிறவர்களின் கோட்டில் ஒரு எழுத்துகூட மாறாது, சீட்டு.கிராம் என்றேதான் இருக்கும். எழுதுகிறவர்களைக் கண்டுபிடிக்க, தற்காலிகமாக ஒரு செட்டர் வைத்து அதற்குள் எச்சரிக்கை ஒன்றைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், கடை சில வாரம் ஓடட்டும், பதிவில் எந்த ஃபைல் எந்த வரி என்று விழும். அவற்றைச் செயல் மெத்தடுக்கு மாற்றியதும் செட்டரை எடுத்துவிடலாம்.

எடுத்த பிறகு டெஸ்ட் எழுதுங்கள். நடக்க வேண்டியது நடக்கிறதா என்று எல்லோரும் டெஸ்ட் எழுதுகிறோம், நடக்கக் கூடாததற்குத்தான் எழுதுவதில்லை. ஏலம் முடிந்த சீட்டில் எடையைத்_திருத்து கூப்பிட்டால் ரன்டைம்எரர் வரணும், சீட்டு.கிராம் = 1 என்றால் ஆட்ரிப்யூட்எரர் வரணும், படகு.சீட்டுகள் வாங்கி அதில் அப்பெண்ட் செய்தாலும் அதே ஆட்ரிப்யூட்எரர் வரணும். பைடெஸ்டில் ரெய்சஸ் வைத்து மூன்றும் மூன்று சின்ன டெஸ்ட். அடுத்து வருகிறவர் அவசரத்துக்கு ஒரு செட்டரைச் செருகினால், கடைக்குப் போகும் முன்னாலேயே இவற்றில் ஒன்று சிவப்பாக நிற்கும்.